லொத்தர் வண்டி

சேந்தாங்குளம்
12 பெப்ரவரி 2024

அன்புள்ள தம்பி ஜெயசுதனுக்கு,

போனில் உன்னோடு கதைக்க எனக்கு இனி விருப்பமில்லை. நீ ஸ்பீக்கரைப் போட்டு வைக்கிறாய். நான் இங்கே தும்மினால் அங்கே உன் மாமி "நூறு வயசு" என்கிறார். ஆகவே எழுதுகிறேன். பண்டத்தரிப்புத் தபால் கந்தோரில் முப்பத்தொரு வருடம் ஊரார் கடிதங்களுக்கெல்லாம் முத்திரை குத்தினவள் நான். எனக்கும் எழுத ஓர் ஆள் இருக்கட்டும். நீயும் எழுதித்தான் பதில் அனுப்ப வேண்டும். போனில் உனக்கு "ஓம் அக்கா, சரி அக்கா" என்பதற்கு மேல் வாய் வராது.

உன் புது வீட்டுக்கு வந்து நாலு கிழமை ஆகிறது. ஒழுங்கையில் பதினாலு வீடு. ஆள் இருப்பது நாலில். மிச்சத்துக்குச் சொந்தக்காரர் லண்டனிலும் நோர்வேயிலும் சிட்னியிலும். வாசலில் கடல் கிடக்க, உள்ளே நீச்சல்குளம் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒழுங்கை வாயிலில் சந்தியோகு என்று ஒரு காவலாளி, நல்ல மனிதர், மாதகல் ஆள். அவரைத் தவிர யாரும் வாய் திறப்பதில்லை. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. பத்துப் பேர் இருக்கிற அண்ணை வீட்டில் இருந்து வந்தவளுக்கு இந்த அமைதி மருந்து மாதிரி இருக்கிறது.

பால் காய்ச்சிக் குடிபூர முன்னம் பெரிய வீட்டுக்குள் படுக்கக்கூடாது என்று நீ சொன்னதால் பின்பக்கத்துச் சின்ன அறையில் இருக்கிறேன். அங்கிருந்து தண்ணீர்த் தாங்கிதான் தெரிகிறது. குடிபூரல் முடிந்ததும் மேல்மாடியில் கடல் பார்க்கிற அறை எனக்கு என்றாய். மறந்துவிடாதே.

அண்ணை இன்னும் கதைக்கவில்லை. பிரணவனுக்குக் கலியாணம் முடிந்ததும் அறை தேவை என்றால் தகப்பனும் மகனும் என்னிடம் கேட்டிருக்கலாம், கொடுத்திருப்பேன். நான் கோயிலுக்குப் போய்வர என் கட்டில் விறாந்தையில் கிடந்தது. அண்ணை பேப்பரை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு இருந்தார். நான் பெட்டியைத் தூக்கின பிறகுதான் வாய் திறந்தார். "போறதெண்டால் போ. பிறகு என்ரை செத்தவீட்டுக்கும் வராதை." அந்த ஒழுங்கை முழுக்கக் கேட்டது. எங்கள் அண்ணை அருட்பிரகாசத்தாருக்குத் தொண்டை பெரிது என்று உனக்குத் தெரியும்.

அக்கா,
ஞானாம்பிகை


ஸ்காபரோ
8 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. பனி வழித்துவிட்டு வந்து குளிர்ந்த கையோடு எழுதுகிறேன், எழுத்துக் கோணினால் மன்னியுங்கள். தமிழ் எழுதி எத்தனையோ வருடம்.

ஸ்பீக்கர் விசயம் மன்னியுங்கள். மாமிக்குப் பொழுது போவதில்லை.

இரண்டு விசயம் அக்கா. முதலாவது, வாசல் விளக்கு. புது வீட்டு வாசல் மைம்மல் பொழுதில் இருண்டு கிடக்கக்கூடாது என்று மாமி சொல்கிறார். போன செவ்வாய்க்கிழமை நீங்கள் விளக்கேற்ற ஆறே முக்கால் ஆகிவிட்டது. வாசல் கமராவில் பார்த்தேன். குறை சொல்லவில்லை, ஆறு மணிக்கு முதல் ஏற்றினால் நல்லது.

அடுத்தது, வீட்டுக்காரர் சங்கம் ஒரு தாள் கொண்டுவருவார்கள். பாண்காரன், லொத்தர்ச் சீட்டு விற்கிற வண்டி, ஒலிபெருக்கி கட்டின ஓட்டோ ஒன்றும் ஒழுங்கைக்குள் வரக்கூடாது, மதிலில் நோட்டீஸ் ஒட்டக்கூடாது என்று. பக்கத்து வீட்டு லண்டன்காரர் நிம்மதியாய் நித்திரை கொள்ளத்தானே அங்கே கட்டினது என்கிறார். எனக்காக நீங்கள் கையெழுத்துப் போடுங்கள்.

மேல்மாடி அறை உங்களுக்குத்தான். அண்ணையைப் பற்றி மனதில் வைக்காதீர்கள். அவருக்கு வாய்தான். நான் பத்தொன்பது வயதில் ஊரைவிட்டு வெளிக்கிட்டவன். அப்பா செத்தபோதும் அம்மா செத்தபோதும் போனைப் பிடித்துக்கொண்டு அழுதவன். எனக்கென்று ஊரில் மிச்சம் நீங்கள் இரண்டு பேரும்தான். நீங்களும் சண்டை பிடித்தால் நான் யாரிடம் வருவது?

தம்பி,
ஜெயசுதன்


சேந்தாங்குளம்
18 ஏப்ரல் 2024

அன்புள்ள தம்பிக்கு,

கமராவில் என்னைப் பார்க்கிறாய் என்று நீ எழுதித்தான் தெரிந்துகொண்டேன். அன்று பிந்தினது முழங்கால் நோவால். இனி விளக்கேற்றும்போது தலையை வாரிக்கொண்டு வந்து நிற்கிறேன்.

தாளில் கையெழுத்துப் போட்டாயிற்று. மற்றவர்கள் எல்லாரும் வெளிநாடு, ஆகவே முதல் கையெழுத்து என்னுடையது. சங்கத்துத் தம்பி கொண்டுவந்த எழுத்துப் பார்க்கச் சகிக்கவில்லை. நானே பெரிய மட்டையில் மசி போட்டு எழுதிக் கொடுத்தேன். இப்போது ஒழுங்கை வாயிலில் தொங்குகிறது. சந்தியோகு வாசித்துவிட்டு, "அம்மா, அச்சடிச்ச மாதிரி இருக்குது" என்றார். இந்த வயதிலும் அது கேட்கச் சந்தோசமாகத்தான் இருந்தது. மீன்காரியையும் அந்தத் தாள் மறித்துவிட்டது என்பது இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கியது. இப்போது மீனுக்குச் சந்திவரை நடக்கிறேன்.

வருடப்பிறப்பு வந்து போனது. ஒவ்வொரு வருடமும் அண்ணை முதல் கைவிசேடக் காசு எனக்குத்தான் தருவார், பிறகுதான் தான் கட்டின மச்சாளுக்கு. இந்த முறை சீலையை மாற்றிக்கொண்டு விடிய ஆறு மணியில் இருந்து வாசல் படலையைப் பார்த்தபடி இருந்தேன். ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. பிரணவனாக்கும் என்று எழும்பினேன். நீச்சல்குளம் கழுவ வந்தவன்.

நீயே போகலாமே என்று எழுதுவாய். ஐந்து கிலோமீற்றர்கூட இல்லைத்தான். ஆனால் தள்ளி வைத்தவர் அவர், அவர்தான் கூப்பிட வேண்டும். நான் மூத்தவளாக இருந்தால் இறங்கிப் போயிருப்பேன்.

அக்கா


ஸ்காபரோ
1 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

குடிபூரலுக்கு நாள் வைத்தாயிற்று. ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை விடிய. தனுஷிகா, பிள்ளைகள், மாமி, மாமியின் ஆட்கள் என்று எல்லாமாகப் பதினொரு பேர் வருகிறோம். எனக்கு மூன்று கிழமைதான் லீவு. அதிலும் கொழும்பு, நுவரெலியா என்று பாதி போய்விடும். ஆகவே அந்த ஒரு நாள் பிசகக்கூடாது.

பால் காய்ச்சுவது நீங்கள்தான். மாமி தான்தான் காய்ச்சுவேன் என்று நின்றார். கலியாணம் கட்டாத ஆள் காய்ச்சலாமா என்றும் ஒரு கதை வந்தது. நான் விடவில்லை. என்னைத் தூக்கி வளர்த்த கை உங்களுடையது, அந்தக் கைதான் காய்ச்சும் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் வீட்டில் யாரும் என்னோடு கதைக்கவில்லை.

பலகாரம் கடையில் வாங்க வேண்டாம். உங்கள் பயற்றம் பணியாரம் வேண்டும். அண்ணைக்கு அழைப்பிதழைப் பிரணவனின் வட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுகிறேன்.

தம்பி


சேந்தாங்குளம்
2 ஜூலை 2024

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு அழுதேன். மாமியிடம் சொல்லிவிடாதே.

ஆனால் வட்ஸ்அப் விளையாட்டு வேண்டாம். எங்கள் ஆட்களுக்கு வீடு தேடிப்போய், வாசலில் நின்று, வாயால் சொல்ல வேண்டும். போனில் சொன்ன வீட்டுக்கு அண்ணை ஒருநாளும் காலடி வைத்ததில்லை. சொந்தத் தம்பி வீடென்றாலும் வைக்க மாட்டார். வந்து இறங்கினதும் நீ தனியாகப் போ. தனுஷிகாவின் ஆட்களைக் கூட்டிக்கொண்டு திருவிழா மாதிரிப் போகாதே. என்னைப் பற்றி ஒன்றும் கதைக்க வேண்டாம். "அக்காதான் பால் காய்ச்சுறா" என்று மட்டும் சொல். அவருக்கு விளங்கும்.

அவர் வந்து படலையில் நின்றால் போதும் தம்பி. மன்னிப்பும் வேண்டாம், கைவிசேடமும் வேண்டாம். "ஞானம்" என்று ஒரு சத்தம். பிறகு நான் எல்லாவற்றையும் மறந்துவிடுவேன். மேல்மாடி அறைகூட அவ்வளவு முக்கியமில்லை. இதை மட்டும் செய்து தா.

அக்கா


சேந்தாங்குளம்
27 ஆகஸ்ட் 2024

ஜெயசுதன்,

"அன்புள்ள" என்று எழுத இன்று எனக்குக் கை வரவில்லை.

சனிக்கிழமை நீயும் உன் ஆட்களும் நுவரெலியாவுக்குப் புறப்பட்டு ஒரு மணித்தியாலம் இராது. சந்தியோகு ஒரு கடதாசியோடு வந்தார். வியாழக்கிழமை ஓட்டோக்காரன் கொடுத்துவிட்டுப் போன நோட்டீஸ்கட்டில் ஒன்று. அடுப்பு மூட்ட எடுத்தபோது வாசித்தாராம். "அம்மா, பண்டத்தரிப்பு அருட்பிரகாசம் எண்டால் உங்கடை ஆக்களோ? உங்கடை பேர் கிடக்குது இதிலை" என்றார்.

என் பெயர் கிடந்தது. "ஞானாம்பிகை, ஜெயசுதன் ஆகியோரின் பாசமிகு சகோதரரும் ஆவார்." புதன்கிழமை விடிய இறைவனடி சேர்ந்தார். தகனம் வியாழன் பிற்பகல் மூன்று மணி. இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, உன் வீட்டுத் தோரணத்துக்குக் கீழே நின்று நான் அதை ஏற்றுக்கொண்டேன்.

செவ்வாய் இரவு புது சிம் போட்டுத் தருகிறேன் என்று என் போனை வாங்கினாய். அதைத் திருப்பித் தந்தது வெள்ளி பின்னேரம். புதன் விடிய மச்சாள் எடுத்தபோது நீதான் கதைத்திருக்கிறாய். அக்காவுக்குச் சொல்கிறேன் என்றாய். பத்து மணிக்கு நீயே திருப்பி எடுத்து, நான் அவசரமாய்க் கொழும்புக்குப் போகிறேன், அக்கா வரமாட்டாவாம் என்றாய். அண்ணை அன்று ஒழுங்கை கேட்கச் சொன்ன சொல் உனக்கு வசதியாகப் போய்விட்டது. ஊரே நம்பியது.

ஏன் என்று நான் கேட்க வேண்டியதில்லை. அண்ணை செத்தால் உனக்கும் எனக்கும் முப்பத்தொரு நாள் துடக்கு. கோயிலும் இல்லை, நல்லகாரியமும் இல்லை. மூன்று கிழமை லீவில் வந்தவனுக்கு முப்பத்தொரு நாள் எங்கே? ஆகவே உன் வீட்டுக்குக் குடிபூரும்வரை அண்ணை சாகாமல் இருக்க வேண்டியதாய்ப் போயிற்று.

வியாழன் மத்தியானம் நான் பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தேன். ஒழுங்கை வாயில் பக்கம் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. அரை நிமிடம், பிறகு நின்றுவிட்டது. "என்னடா சத்தம்?" என்று கேட்டேன். நீ முகத்தைத் திருப்பாமல், "லொத்தர் வண்டி அக்கா. சந்தியோகு மறிச்சுப்போட்டான்" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "நல்ல வேலை செய்தான்" என்றேன். மாவுக் கையோடு சிரித்துக்கொண்டு சொன்னேன். அண்ணையின் சாவைச் சொல்லிக்கொண்டு வந்த ஓட்டோவை என் கையெழுத்து மறித்தது.

வெள்ளி விடிய பால் பொங்கிக் கிழக்கே வழிந்தது. எல்லாரும் கைதட்ட நான் படலையைப் பார்த்தேன். பண்டத்தரிப்பில் இருந்து ஒரு குருவிகூட வரவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் உன் மாமி கேட்டபோது, "அண்ணைக்கு இன்னும் வீம்பு அடங்கேல்லை" என்று நாலு பேருக்குக் கேட்கச் சொன்னேன். நீ பக்கத்தில் நின்று சோறு போட்டுக்கொண்டிருந்தாய். அந்த இரவு முதன்முதலாகக் கடல் பார்க்கிற அறையில் படுத்தேன். நல்ல காற்று. நல்ல நித்திரை. அந்த நித்திரையை நினைக்கத்தான் எனக்கு உடம்பு கூசுகிறது.

சனிக்கிழமையே போனேன். மச்சாள் எழும்பவில்லை. "வரமாட்டன் எண்டு சொல்லிவிட்டனீராம். பிறகேன் இப்ப வந்தனீர்?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். "அஞ்சு கிலோமீற்றருக்குள்ளை இருந்துகொண்டு தெரியாதாம்" என்று உள்ளே யாரோ சிரித்தார்கள். வாய்க்கரிசி போடாத தங்கச்சி என்று இனி எனக்கு அங்கே பெயர்.

போனைச் சந்தியோகுவின் மகளுக்குக் கொடுத்துவிட்டேன். சொல்ல ஏதாவது இருந்தால் எழுது.

ஞானாம்பிகை


ஸ்காபரோ
9 செப்டெம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கூரியரில் அனுப்புகிறேன், கெதியாகக் கிடைக்கட்டும் என்று. ஐந்து தரம் எழுதிக் கிழித்தேன்.

நீங்கள் எழுதியது எல்லாம் உண்மை. சொல்லத்தான் நினைத்தேன். பால் காய்ச்சின பிறகு சொல்லலாம் என்று இருந்தேன், பிறகு பந்தி முடியட்டும் என்று இருந்தேன், பிறகு நீங்கள் மேல்மாடிக்குப் போய்க் கட்டிலில் இருந்து சிரித்தீர்கள். என்னால் முடியவில்லை. காலையில் நுவரெலியாவுக்கு வான் வண்டி வந்துவிட்டது. அப்பாவின் செத்தவீடும் அம்மாவின் செத்தவீடும் எனக்குப் போனில்தான் நடந்தது. மூன்றாவதையும் அப்படியே முடிக்கலாம் என்று நினைத்தேன் போல. அவர் எனக்கும் அண்ணைதான் அக்கா. ஐந்து கிலோமீற்றரில் இருந்தும் நானும் முகம் பார்க்கவில்லை.

இன்னொன்று நீங்கள் அறிய வேண்டும். செவ்வாய் பின்னேரம் நான் அண்ணையிடம் போனேன். நீங்கள் எழுதினபடியே, தனியாக, வாசலில் நின்று சொன்னேன். அக்காதான் பால் காய்ச்சுகிறார் என்றதும் கதிரையை விட்டு எழும்பினார். "ஞானமோ காய்ச்சுறாள்? அப்ப நான் வராமல் இருக்கேலுமே?" என்றார். மச்சாளைக் கூப்பிட்டுப் பட்டு வேட்டியை எடுத்து வெயிலில் போடச் சொன்னார். "நான் வாறதை அவளுக்குச் சொல்லிப்போடாதை. முதல் ஆளாய் வந்து படலையிலை நிக்கிறன். அவளின்ரை முகத்தைப் பாக்கவேணும்" என்றார். அதனால்தான் அன்றிரவு உங்களுக்குச் சொல்லவில்லை. அது ஒன்றுதான் நல்ல எண்ணத்தோடு மறைத்தது.

கோபிக்காதீர்கள், ஒன்று கேட்கிறேன். என்னை மட்டும் குற்றவாளி ஆக்கி எழுதியிருக்கிறீர்கள். நான் கடல் தாண்டி ஊருக்கு வந்து இரண்டாவது நாள் அவரிடம் போனேன். நீங்கள் ஏழு மாதம் அங்கேயே இருந்தீர்கள். ஒருநாள் ஓர் ஓட்டோ பிடித்திருந்தால்?

இங்கேயும் ஒன்றும் சரியில்லை. வந்து மூன்றாம் நாள் சின்னவள் படியில் விழுந்து கை முறிந்துவிட்டது. மாமிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. துடக்கோடு குடிபூரின வீடு என்று ஒரே அழுகை. ஏதாவது பரிகாரம் இருக்கிறதா என்று ஓர் ஐயரிடம் பெயர் சொல்லாமல் கேட்பீர்களா? அதுவரைக்கும் விளக்கை விட்டுவிடாதீர்கள்.

தம்பி


பண்டத்தரிப்பு
23 செப்டெம்பர் 2024

தம்பிக்கு,

முகவரியைப் பார். தபால் கந்தோருக்குப் பின்னால் ஒரு வாடகை அறை. மச்சாள் வீட்டில் இல்லை. அங்கே எனக்கு இடமில்லை, நான் கேட்கவுமில்லை. உன் கடல் பார்க்கிற அறையைப் பூட்டித் திறப்பைச் சந்தியோகுவிடம் கொடுத்திருக்கிறேன். எத்தனை நாள் கண்ணை மூடிப் பார்த்தும் அங்கே எனக்கு நித்திரை வரவில்லை. அவ்வளவு அமைதி.

ஐயரிடம் கேட்டேன். பெயர் சொல்லித்தான் கேட்டேன், மறைக்க எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் பரிகாரம் இருக்கிறதாம். வேறு நாள் பார்த்து, சாந்தி செய்து, திரும்பப் பால் காய்ச்சலாமாம். ஒழுங்காகச் செய்தால் வீட்டில் ஒரு குறையும் தங்காது என்றார். மாமி காய்ச்சட்டும், அவருக்கும் ஆசைதானே. சின்னவளின் கைக்கும் வீட்டுக்கும் சம்பந்தமில்லை, அதற்கு நல்ல வைத்தியரைப் பார். பிறகு, வாய்க்கரிசி போடாத கைக்கு என்ன பரிகாரம் என்று என் பங்குக்கும் கேட்டேன். ஐயர் பஞ்சாங்கத்தை மூடி வைத்துவிட்டு, "அதுக்கு ஒண்டும் எழுதி வைக்கேல்லை அம்மா" என்றார்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். ஓம், நான் ஓட்டோ பிடிக்கவில்லை. அவர் கூப்பிடட்டும் என்று இருந்தேன், அவர் கூப்பிட வெளிக்கிட்டது எனக்குத் தெரியாமல் போனது. என் வீம்பும் உன் பொய்யும் சேர்ந்துதான் அவரைத் தனியாக அனுப்பின. பாதி எனக்கு. நான் மறுக்கவில்லை. ஆனால் என் பாதியை நான் சுமந்துகொண்டு திரிகிறேன். நீ உன் பாதிக்குப் பரிகாரம் தேடுகிறாய்.

வெள்ளிக்கிழமை கீரிமலையில் அண்ணையின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. நானும் போனேன். பிரணவன் சாம்பலைக் கடலில் கரைத்தான். என்னை யாரும் கூப்பிடவில்லை, போ என்றும் சொல்லவில்லை. எல்லாரும் வெளிக்கிட்ட பிறகு மச்சாள் ஒரு பையைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். திறந்தால் பட்டு வேட்டி. மடிப்புக் குலையாமல் இருந்தது.

நேற்று உன் வீட்டுக்குச் சாமான் எடுக்கக் கடைசியாகப் போனேன். ஒழுங்கை வாயிலில் நான் எழுதித் தொங்கவிட்ட மட்டையை நானே கழற்றிக் கிழித்தேன். சங்கம் கேட்டால் எழுதினவளே கிழித்தாள் என்று சொல். விளக்கில் எண்ணெய் விட்டு ஏற்றினேன். எண்ணெய் முடிய அது தானாக நூர்ந்திருக்கும்.

பிறகு சந்தியோகுவிடம் ஏணி வாங்கி, அந்த நோட்டீஸை வாசல் கமராவுக்கு முன்னால் ஒட்டினேன். அண்ணையின் படம் பெரிதாகத்தான் போட்டிருக்கிறார்கள், நீ போனில் பார்த்தாலும் தெளிவாகத் தெரியும். நீயும் முகம் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தாயே. இனி வீட்டைப் பார்க்க நினைக்கும்போதெல்லாம் பார். படலையில் முதல் ஆளாய் வந்து நிற்கிறார்.

அக்கா